வளையல் அளவு ஸ்டியரிங்

மார்ச் 3, திங்கள்

மயில்ராணி எனக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறது, நிஜ மயில்ராணி, கோபி–சத்தி–பண்ணாரி பஸ் மயில்ராணி, எனக்கு, இந்த சபரீஷுக்கு, தன்னையே சின்னதாகச் செய்து தரச் சொல்லி!!!

திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். பஸ் முதலாளியின் மகள்தான் அவர்கள் இன்ஸ்டா பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறாராம். நான் செய்யும் பஸ் மாடல்களின் ரீல்ஸ் எல்லாம் பார்த்திருக்கிறாராம். (எல்லாமுமா? அந்த முதல் டவுன் பஸ்ஸையுமா? அதற்குக் கதவே கிடையாது!) பழைய மயில்ராணியை நிறுத்தப்போகிறார்கள். வரும் முப்பதாம் தேதி, ஞாயிறு, கடைசி டிரிப். மறுநாளிலிருந்து புது வண்டி. அந்தப் புது வண்டியின் டாஷ்போர்டு மேல் பழைய வண்டியின் மாடல் நிற்க வேண்டும். அதைச் செய்வது நான்.

பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். கடைசி டிரிப்பில் முன்னால் இரண்டு சீட் என்றேன். ஒன்று உங்களுக்கு, இன்னொன்று யாருக்கு என்றார். இன்னும் முடிவு செய்யவில்லை என்று எழுதினேன்.

இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பாலிடெக்னிக்கில் நான் எடுத்திருப்பது கம்ப்யூட்டர். சன் போர்டு அட்டை வெட்டுவதும் பெயின்ட் அடிப்பதும் யூடியூப் பார்த்து வந்தது. மயில்ராணி மேல் இருக்கும் பைத்தியம் மட்டும் அதற்கெல்லாம் முன்பே வந்தது. நான் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது அந்த வண்டியின் இன்ஜின் பெட்டி மேல் சாக்கை மடித்துப்போட்டு என்னை உட்காரவைப்பார்கள். தொடைக்குக் கீழே சூடு. டீசல் வாசனை. எதிரே பச்சையும் மஞ்சளும் சுற்றிய ஸ்டியரிங், நிலா மாதிரி பெரிசு. அம்மாதான் கூடை பின்னும் ஒயரை வைத்து அதைச் சுற்றிக் கொடுத்தாள்.

அப்போது வண்டி ஓட்டியது அப்பா. இப்போது அப்பா கொப்பரைக் களத்தில் வேலை பார்க்கிறார்.

மார்ச் 5, புதன்

காலேஜுக்கு மட்டம். கோபி பஸ் ஸ்டாண்டில் மயில்ராணி நிற்கும் பத்து நிமிஷத்தில் டேப் பிடித்து அளந்தேன். நீளம், உயரம், ஜன்னல், முன் கண்ணாடி. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்:

“ஏந் தம்பி, வண்டிக்குச் சட்டை தெக்கறியா?”

“மாடல் செய்யறனுங்ண்ணா.”

“அப்ப எனக்கும் ஒண்ணு செஞ்சு ஃபுட்போர்டுல தொங்கவுடு. தொப்பையக் கொறச்சு.”

கேபினுக்குள் ஏறி அளப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. பரவாயில்லை. கேபின்தான் எனக்கு மனப்பாடமாயிற்றே!

மார்ச் 8, சனி

பாடி முடிந்தது! நிஜ வண்டியில் இருபதில் ஒரு பங்கு. ஜன்னல் கம்பிக்குப் பேனா ரீஃபில், கண்ணாடிக்கு ஓ.எச்.பி. ஷீட். ஸ்டியரிங்குக்கு எதைப் போடுவது என்று வீடெல்லாம் தேடிக் கடைசியில் அம்மாவின் பிளாஸ்டிக் வளையலை எடுத்துப் பச்சை நூலும் மஞ்சள் நூலும் சுற்றினேன். அப்படியே அதே ஸ்டியரிங்!!

“என்ற வளையல எங்கடா?”

“பஸ்ஸுல இருக்குதும்மா.”

“பஸ்ஸுல உட்டுட்டு வந்துட்டியா?” என்று பதறினாள். காட்டினேன். உற்றுப் பார்த்தாள். ஒயரைத் தான் எப்படிச் சுற்றினாளோ அதே மாதிரி நான் சுற்றியிருப்பதைப் பார்த்திருப்பாள். வளையலைத் திருப்பிக் கேட்கவில்லை.

ரீல் போட்டாயிற்று. காலை எட்டேகால் மணிக்கு மயில்ராணி எங்கள் வீட்டு முன்னால் ஹாரன் அடித்துக்கொண்டு போகுமே, அந்தச் சத்தத்தையே பின்னணியில் வைத்தேன். பதிவு செய்யும்போது அப்பாவும் குறுக்கே வந்துவிடுவாரோ என்று பார்த்தேன். அந்த நேரத்தில் அவர் எப்போதும் கொல்லைப்புறம் தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பார். குடம் நிறைந்திருந்தாலும்.

மார்ச் 9, ஞாயிறு

இரண்டாயிரம் லைக்! ஆனால் ஜெரோம் என் தலையில் கல்லைப் போட்டுவிட்டான். நாகர்கோவில்காரன், என்னைப் போலவே பஸ் பைத்தியம், இன்னும் நேரில் பார்த்ததில்லை, ஆனால் பேசாத நாள் இல்லை. வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தான்:

“லேய் மக்கா, பாடி எல்லாம் அம்சமா இருக்கு. அந்த ஸ்டியரிங் என்னடே, கெணத்து ராட்டு மாதிரி? இன்ஜின் பெட்டி மேல ஒரு குடும்பமே படுத்து ஒறங்கலாம். டோட்டலி அவுட் ஆஃப் ப்ரபோர்ஷன்.”

போன் போட்டேன். “ஞாபகத்துல இருக்கறத அப்படியேதான்டா செஞ்சேன்.”

“ஞாபகத்துல டேப் வெச்சு அளந்தியா?”

போனை வைத்துவிட்டேன். பிறகு நானே கணக்குப் போட்டேன். வளையலை இருபதால் பெருக்கினால் நான்கடி அகல ஸ்டியரிங் வருகிறது. அதைப் பிடித்து ஓட்ட அப்பாவுக்கு யானையின் கை வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

ப்ரபோர்ஷன். இந்த வார்த்தையைப் பார்த்தால் இதுவரை ‘புரிந்த மாதிரி’ தலையாட்டிவிட்டுப் போவேன். இன்று காலேஜ் பஸ்ஸில் உட்கார்ந்து ஒழுங்காகத் தேடினேன். டிக்‌ஷனரி ஆப் ‘விகிதாச்சாரம்’ என்றது. அதை வைத்து நான் என்ன செய்வது? ஜெரோம் படிப்பது இங்கிலீஷ் லிட்டரேச்சர், அவனையே கேட்டேன்.

எனக்குப் புரிந்ததை எழுதிவைக்கிறேன். ஒரு பொருளைச் சின்னதாக்கினால் அதில் இருக்கும் எல்லாமே ஒரே கணக்கில் சின்னதாக வேண்டும். பஸ் இருபதில் ஒரு பங்கு என்றால் ஸ்டியரிங்கும் இருபதில் ஒரு பங்கு, கண்ணாடியில் கட்டிய எலுமிச்சம்பழமும் இருபதில் ஒரு பங்கு. பிடித்தது என்பதற்காக எதற்கும் சலுகை கிடையாது.

பொருளுக்கு மட்டுமல்லவாம். தப்புக்குத் தகுந்த தண்டனை என்றால் அங்கேயும் ப்ரபோர்ஷன். சின்ன விஷயத்துக்கு ஊரைக் கூட்டினால் அவுட் ஆஃப் ப்ரபோர்ஷன். கோபம், பயம், பாசம், எதற்கு வேண்டுமானாலும் போடலாமாம்.

சாப்பிடும்போது போட்டுப் பார்த்தேன்.

“அம்மா, இந்தப் புளிக்கொழம்புல உப்பு அவுட் ஆஃப் ப்ரபோர்ஷன்.”

“புடிக்கலீன்னா தயிரு கெடக்குது, ஊத்தித் தின்னு. கொழம்பையெல்லாம் இங்கிலீசுல திட்டாத.”

அப்பா சிரித்தார். மாடலை ஹாலில்தான் வைத்திருந்தேன், அவர் தட்டுக்கு நேர் எதிரே. தட்டைத் தவிர வேறு எங்கும் பார்க்கவில்லை.

மார்ச் 12, புதன்

சன் போர்டு தீர்ந்துவிட்டது. அப்பா இன்னும் பார்க்கவில்லை. (அவர் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன. ஃபாலோயர்ஸ் பார்க்கிறார்களே.)

மார்ச் 14, வெள்ளி

துணி காயப்போட அம்மாவுக்கு உதவினேன். அம்மா ஈர லுங்கியை உதறிக்கொண்டே கேட்டாள்:

“அந்த ரெண்டாவது சீட்டு யாருக்கு?”

“ஜெரோமுக்குத்தாம்மா.”

“நாகர்கோயில்ல இருந்து பண்ணாரி போறதுக்கு வருவானாக்கும் அந்தப் பையன்?”

நான் கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டேன்.

“அவரு வரமாட்டாரு கண்ணு. நெனச்சுக்கிட்டு ஏமாறாத.”

பிறகு அம்மாவே சொன்னாள். லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது அப்பாவுக்கு வலது கண்ணில் பார்வை போய்விட்டது தெரிந்தது. அதுவரை எனக்கும் தெரியும். தெரியாதது இதுதான்: அப்பா அதை யாரிடமும் சொல்லாமல் மறுநாளும் வண்டி எடுக்கப் போயிருக்கிறார். முதலாளிக்கு எப்படியோ தெரிந்து நேராக பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். வண்டி நிறைய ஆள். “எறங்கிக்க வெள்ளிங்கிரி. ஒத்தக் கண்ண நம்பி இத்தன உசுர ஏத்தியுட முடியாது” என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அப்பா இறங்கி, சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு நடந்தே வந்தார். ஷெட்டில் டயர், ஆயில் பார்த்துக்கொள்ளச் சொல்லி அப்புறம் ஆள் வந்தது. போகவில்லை. அந்த வண்டியில் ஏறவும் இல்லை.

அவர் நடந்து வந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். “வண்டி பஞ்சருங்ளாப்பா?” என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

முதலாளி சொன்னது நியாயம்தானே? ஒரு வார்த்தை. அதற்கு எட்டு வருஷமா? ஜெரோமுக்குப் போன் போட்டு எல்லாம் சொல்லி, இது அவுட் ஆஃப் ப்ரபோர்ஷன்தானே என்று கேட்டேன். அந்த வார்த்தையைக் கற்றுக்கொடுத்தவன் அவன்தானே!

“பஸ்ஸுன்னா சொல்லுவேன் மக்கா. ஒங்க அப்பாவுக்க விஷயத்துல நான் எதைக் கொண்டு அளக்கது?” என்றான்.

மார்ச் 17, திங்கள்

மயில்ராணி சேசிஸின் அளவு வரைபடத்தை ஜெரோம் எங்கிருந்தோ பிடித்து அனுப்பினான். கேபினைப் பிரித்து மறுபடி கட்டினேன். வளையலுக்குப் பதில் தண்ணீர் பாட்டில் மூடிக்குக் கீழே மாட்டியிருக்குமே, அந்த வளையம். இன்ஜின் பெட்டி தீப்பெட்டி மாதிரி ஆகிவிட்டது. இப்போது எல்லாம் சரி. ஒரு மில்லிமீட்டர் தப்பில்லை. ஜெரோம் நெருப்பு எமோஜி வரிசையாகப் போட்டான். எனக்குத்தான் மனசால் அதற்குள் போய் உட்கார முடியவில்லை. வளையல் இருந்தபோது முடிந்தது.

சாயங்காலம் அப்பா நகவெட்டி தேடிக்கொண்டு என் அறைக்கு வந்தார். மாடல் மேஜை மேல் இருந்தது. நகவெட்டி அதற்குப் பக்கத்தில். வேறு வழியில்லை, பார்த்துத்தான் ஆக வேண்டும். பார்த்தார். குனிந்து, இடது கண் பக்கமாகத் தலையைச் சாய்த்து.

“முன் கண்ணாடி ஏன் இத்துனூண்டு இருக்குது?”

“அளந்து வெச்சதுங்ப்பா.”

“என்னத்த அளந்த? பண்ணாரிக்குள்ள திரும்பையில மலை மொத்தமும் அந்தக் கண்ணாடிக்குள்ள வந்து நிக்கும். இதுல ஒரு பாறை நிக்குமா?”

“ஸ்டேண்டுல டேப்பு புடிச்சே அளந்தனுங்ப்பா. ஃபோட்டோ காட்டட்டுங்களா?”

“டேப்பு கெடக்குது. அத்தன வருசம் அதுக்குள்ளாற பாத்தவன் நானு. கண்ணாடி பெருசு.”

“அப்ப கண்ணாடி சுருங்கிப் போச்சுங்களா?”

இதை நான் சொல்லியிருக்க வேண்டாம். நகவெட்டியை எடுக்காமலே போய்விட்டார்.

மார்ச் 18, செவ்வாய்

வீட்டில் பேச்சே இல்லை. காலையில் அப்பா அம்மாவிடம் சொல்கிற மாதிரி சுவரிடம் சொன்னார்: “கண்ணாடி பெருசுதான்.” நானும் சுவரிடம், “சேசிஸ் படத்துலயே இருக்குது” என்றேன். அம்மா கரண்டியை ணங்கென்று வைத்தாள்.

“அப்பனும் மவனும் கண்ணாடி கண்ணாடின்னு என்ற உசுர எடுக்காம, ஷெட்டுக்குப் போயி ஒருக்கா பாத்துப்போட்டு வந்து தொலைங்க!”

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு களத்துக்குக் கிளம்பிவிட்டார்.

மார்ச் 20, வியாழன்

போனோம்!!!

விடிந்ததும் அப்பா வெள்ளைச் சட்டை போட்டு மொபெட்டில் பின்னால் ஏறி உட்கார்ந்தார். “ஷெட்டுக்கு உடு. நான் சொன்னதுதான் செரின்னு ஆச்சுன்னா நீ அந்தக் கண்ணாடியப் பிரிச்சுக் கட்டோணும், ஆமா” என்றார். வழியெல்லாம் என் இதயம் ஏர் ஹாரன் மாதிரி அடித்தது.

மயில்ராணியைக் கழுவி நிறுத்தியிருந்தார்கள். இப்போதைய டிரைவர் குப்புராஜண்ணன் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து ஈரக் கையைத் துடைத்தார். அப்பா நேராகப் போய் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். கம்பி எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே கை போயிற்று. ஏறி உட்கார்ந்தார்.

நேராகப் பார்த்தார். தலையை வலது பக்கம் திருப்பினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். மறுபடி நேராக.

“கண்ணாடிய மாத்திட்டீங்களா?”

“இல்லீங்ண்ணா. அதே கண்ணாடிதானுங்.”

அப்பா இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், ரொம்ப சாதாரணமாக, “அன்னிக்கு ரெண்டு கண்ணுல பாத்தது” என்றார்.

நான் மறுபக்கமாக ஏறி இன்ஜின் பெட்டி மேல் உட்கார்ந்தேன். முட்டி டாஷ்போர்டில் இடித்தது. இதன் மேல்தான் நான் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினேனா? அப்பா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “உனக்கும் சுருங்கிப் போச்சா?”

அப்போதுதான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன். பச்சையும் மஞ்சளும். நிறம் போய், அங்கங்கே பிரிந்து, அம்மா சுற்றிய அதே ஒயர்.

“கழட்டலாம்னுதானுங்ண்ணா நெனச்சேன்,” என்றார் குப்புராஜண்ணன். “பழகிப்போச்சுங். அது இல்லீன்னா கை வழுக்கற மாதிரி இருக்குதுங்.”

அப்பா ஒயர் மேல் விரலை ஒரு சுற்று ஓட்டினார்.

முதலாளி தெய்வசிகாமணி ஆபீஸ் அறையிலிருந்து வந்துவிட்டார். நான் நினைத்திருந்ததில் பாதி உயரம்தான். சின்ன வயதில் இவரைப் பார்த்தால் நான் சீட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்வேன்.

“வா வெள்ளிங்கிரி.”

“வர்றனுங்க.”

“அன்னிக்கு ஸ்டேண்டுல வெச்சுச் சொல்லியிருக்கக் கூடாது. ஷெட்டுக்குக் கூப்புட்டு சொல்லியிருக்கோணும். எனக்கும் பயம், பாத்துக்க. வண்டி நிறையச் சனம்.”

“எங்க வெச்சுச் சொன்னாலும் அதேதானுங்க சொல்லியிருப்பீங்க.”

“அதேதான் சொல்லியிருப்பேன்.”

“நானும் மறச்சிருக்கக் கூடாதுங்க.”

முதலாளி வண்டியின் பக்கவாட்டில் தட்டிக்கொடுத்தார்.

“முப்பதாந் தேதி கடசி டிரிப்புக்கு வர்றியா?”

“பையன் ரெண்டு சீட்டு கேட்டிருக்கானாமா?”

அப்பாவுக்கு எப்படித் தெரியும்?! அம்மா!

“ஆமா, போட்டு வெச்சிருக்குது.”

“எனக்குச் சீட்டு வேண்டாங்க. இன்ஜின் பெட்டி மேல உக்கோந்துக்கறேன்.”

மார்ச் 21, வெள்ளி

எட்டேகால் ஹாரன். அப்பா முன்பக்கம் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 30, ஞாயிறு

கடைசி டிரிப். வாழை மரம், பூச்சரம், ஸ்பீக்கர், மேலே வரைக்கும் கூட்டம். மாடலைக் கொடுத்தேன். முதலாளி அதைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தார். “அப்படியே இருக்குதப்பா, கொஞ்சமும் பெசகாம” என்றார். இதற்குத்தானே ஆசைப்பட்டேன். கைதட்டினார்கள். நான் அப்பாவைத் தேடினேன்.

அப்பா ஏற்கெனவே சாக்கை மடித்துப்போட்டு இன்ஜின் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார், முட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு. கண்டக்டர் வந்து, “ஏனுங், பெட்டி மேல கொழந்தைங்களுக்குத்தான் எடம். உங்களுக்கு அரை டிக்கெட்டா?” என்றார். “என்ற பையன் பக்கத்துல இருக்கறான், அவனக் கேளுங்க” என்றார் அப்பா. முன் சீட்டில் நான். எனக்குப் பக்கத்துச் சீட்டு காலி. அம்மாவைக் காலையில் எவ்வளவோ கூப்பிட்டேன், மாவு அரைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

கோபியைத் தாண்டி எங்கள் வீடு இருக்கும் வளைவு வந்தது. எட்டேகால். குப்புராஜண்ணன் ஹாரனிலிருந்து கையை எடுத்துக்கொண்டு ரோட்டையே பார்த்து ஓட்டினார். அப்பாவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு எட்டிக் கையை வைத்து அமுக்கினார். அந்த ஹாரன்! கையை எடுக்கவே இல்லை! வண்டியே விசிலடித்தது!

அம்மா ஓடிவந்தாள். கையெல்லாம் மாவு. கேட்டைத் தாண்டி ரோட்டோரம் வந்து, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி கையை நீட்டினாள். எங்கள் வீட்டு முன்னால் என்றைக்கும் ஸ்டாப் கிடையாது. குப்புராஜண்ணன் பிரேக் போட்டார்.

“ஏறுங்க, ஏறுங்க, இன்னிக்கு இது ஸ்டாப்புத்தான்!” என்று கண்டக்டர் கத்தினார்.

அம்மா மாவுக் கையோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பண்ணாரித் திருப்பத்தில் மலை வந்தபோது அப்பா தலையை வலது பக்கம் நன்றாகத் திருப்பினார், முழுசும் தெரிகிறவரை.

ஏப்ரல் 2, புதன்

புது மயில்ராணி ஓட ஆரம்பித்துவிட்டது. என் மாடல் டாஷ்போர்டில். ப்ரபோர்ஷன் பக்கா. ஆனால் அந்த வளையல் ஸ்டியரிங் இன்னும் என் மேஜை மேலேயே இருக்கிறது. அதைத் தூக்கிப்போட மனசு வரவில்லை.

அதனால் இன்னொரு மயில்ராணி செய்யப்போகிறேன், டேப் இல்லாமல். அதில் வளையல்தான் ஸ்டியரிங். இன்ஜின் பெட்டி மேல் ஒரு பையன் காலை நீட்டிப் படுக்கலாம். முன் கண்ணாடியில் மலை மொத்தமும் நிற்கும். அம்மாவைக் கேட்டேன். “டிரைவர் சீட்டுக்குப் பொறகால ஒரு கம்பி இருக்குமல்ல? அதப் பெருசாப் போடு. நீ மடியில தூங்கையில அதப் புடிச்சுக்கிட்டுத்தான் உங்கப்பங்கூடப் பேசிட்டே வருவேன்” என்றாள். ஜெரோமிடம் சொன்னேன். “லேய், அது பஸ் மாதிரியே இருக்காதுல்லா,” என்றான். பிறகு, “பண்ணு மக்கா” என்றான்.

இந்த நாட்குறிப்பை அப்படியே என் இன்ஸ்டா பக்கத்தில் போடட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். “போட்டுக்க. என்ற பேர மட்டும் பெருசாப் போடாத” என்றார். அதனால் போடுகிறேன்.

மயில்ராணியில் போனவர்களே, ஸ்கூலுக்கோ மில்லுக்கோ பண்ணாரி கோயிலுக்கோ போனவர்களே, உங்கள் ஞாபகத்தில் அந்த வண்டியில் எது பெரிசு? படியா, ஜன்னலா, கண்டக்டர் பையா, மேலே தொங்கிய கைப்பிடியா? கமென்ட்டில் சொல்லுங்கள், கூடப் போனவர்களையும் கூட்டிவாருங்கள். அளவு எழுத வேண்டாம். கையை விரித்து ‘இவ்வளவு பெரிசு’ என்று காட்டி ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கள். அதே அளவுக்குச் செய்கிறேன்.